லினக்ஸ் கணினியில் மானிட்டரின் முழுத் தெளிவுத்திறன் கிடைக்கவில்லையா? கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

முழு எச்டி மானிட்டரை லினக்ஸ் கணினியில் இணைத்திருப்பீர்கள். ஆனால் எழுத்துகள் தடித்தும் மங்கியும் இருக்கும். வட்டங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியைத் திறந்தால் 1024×768 என்ற ஒரே வரி இருக்கும். அல்லது பல அளவுகள் இருந்தும் உங்களுக்கு வேண்டிய 1920×1080 மட்டும் இருக்காது. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, எக்ஸ்ரேண்டர் கட்டளையைக் கொண்டு அந்த அளவைக் கையாலேயே சேர்க்க முயல்வதுதான். அது பலிக்காவிட்டால் டிரைவர்களை மாற்றி மாற்றி நிறுவுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் இயங்குதளத்தையே அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் உறுதியான கருத்து. கையால் அளவைச் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு, எந்த டிரைவர் பொறுப்பில் இருக்கிறது, மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்வது கணினிக்குக் கேட்கிறதா, இடையில் உள்ள கேபிள் அந்த அளவைத் தாங்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இதே வரிசையில் விடை தெரிய வேண்டும்.

தெளிவுத்திறன் பட்டியல் எங்கிருந்து வருகிறது

டிஸ்பிளே பகுதியில் நீங்கள் காணும் பட்டியலைத் தயாரிப்பது உபுண்டுவோ ஃபெடோராவோ அல்ல. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இடிஐடி எனப்படும் சிறிய தரவுத் தொகுதி இருக்கிறது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் கொண்டது; எச்டிஎம்ஐ மானிட்டர்களிலும் தொலைக்காட்சிகளிலும் இன்னொரு 128 பைட்டுகளோ அதற்கு மேலுமோ சேர்ந்திருக்கும். தயாரிப்பாளரின் குறியீடு, திரையின் நீள அகலம், அது ஏற்கும் அளவுகள், புதுப்பிப்பு வீதங்கள் ஆகிய அனைத்தும் அதில் பதிவாகியிருக்கின்றன. 54ஆவது பைட்டில் தொடங்கும் 18 பைட் விவரிப்பு, மானிட்டர் தனக்கு உகந்ததாகக் கூறும் அளவைத் தருகிறது. கடைசிப் பைட் சரிபார்ப்புக்கானது: 128 பைட்டுகளையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி பூஜ்ஜியமாக வர வேண்டும்.

இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர், கேபிளில் இதற்கென்று உள்ள டிடிசி என்ற தனித் தடத்தின் வழியே இந்தத் தரவைப் படிக்கிறது. படித்த அளவுகளில், கிராஃபிக்ஸ் சிப்பாலும் இணைப்பு வகையாலும் இயலாதவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியவற்றை டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கிறது. இடிஐடியைப் படிக்கவே முடியாவிட்டால், எந்த மானிட்டரும் தாங்கும் என்று நம்பத்தக்க 1024×768 வரையிலான அளவுகளை மட்டும் கெர்னல் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. எத்தனையோ பேருடைய திரையில் இந்த ஓர் எண்ணே திரும்பத் திரும்பத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே குறை மூன்றே இடங்களில் இருக்கலாம். சரியான டிரைவர் ஏறாமல் இருக்கலாம். டிரைவர் ஏறியும் இடிஐடி வந்து சேராமல் இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் இணைப்பின் கொள்ளளவு போதாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

டெர்மினலைத் திறக்கும் முன்

மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிள் அந்தக் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டின் துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். மடிக்கணினிகளில் இதற்கு இணையான ஒரு சிக்கல் உண்டு: இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்புடன் என்விடியா சிப்பும் உள்ள பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேரடியாக என்விடியாவுடன் இணைக்கப்பட்டிருக்கும். என்விடியா டிரைவர் ஏறாவிட்டால் மடிக்கணினியின் சொந்தத் திரை நன்றாக இயங்கும். வெளி மானிட்டர் மட்டும் இருப்பதாகவே தெரியாது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். எழுத்துகள் மங்கலாக இருப்பது எப்போதும் தெளிவுத்திறன் குறை ஆகாது. டிஸ்பிளே பகுதியில் அளவு சரியாக இருந்து, ஸ்கேலிங் 125 அல்லது 150 விழுக்காடு என்று இருந்தால், வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையைத் தாமாக ஆதரிக்காத பழைய செயலிகளின் எழுத்துகள் மட்டும் கலங்கலாகத் தெரியும். அதற்கும் டிரைவருக்கும் தொடர்பில்லை. ஸ்கேலிங்கை 100க்கோ 200க்கோ மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: எந்த டிரைவர் பொறுப்பில் இருக்கிறது

எல்எஸ்பிசிஐ கட்டளையை, சிறிய கே என்ற தெரிவைச் சேர்த்து இயக்குங்கள். வரும் நீண்ட பட்டியலில் விஜிஏ அல்லது த்ரீடி கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கீழே, பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவரைக் குறிக்கும் வரி ஒன்றும், பயன்படுத்தக்கூடிய கெர்னல் மாட்யூல்களை, அதாவது கெர்னலில் ஏற்றத்தக்க டிரைவர் கோப்புகளை, குறிக்கும் வரி ஒன்றும் இருக்க வேண்டும். இன்டெல் சிப்புக்கு ஐ915 அல்லது மிகப் புதியவற்றுக்கு எக்ஸ்இ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியூ அல்லது பழையவற்றுக்கு ரேடியான், என்விடியாவுக்கு நூவோ (திறந்த மூல டிரைவர்) அல்லது என்விடியா என்று முதல் வரி சொன்னால் டிரைவர் ஏறியிருக்கிறது. இடிஐடி பற்றிய அடுத்த பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் வரி இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் குறை இங்கேதான் இருக்கிறது: தகுந்த மாட்யூல் வட்டில் இருக்கிறது, ஆனால் அது வன்பொருளைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை உறுதிசெய்யும் அறிகுறிகள் இன்னும் சில உண்டு. எக்ஸ்ரேண்டரை இயக்கும்போது இணைப்பின் பெயர் எச்டிஎம்ஐ என்றோ டிபி என்றோ வராமல் டிஃபால்ட் என்று வந்து, கூடவே காமா அளவைப் பெற முடியவில்லை என்ற பிழைச் செய்தியும் வந்தால், கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் அமைத்துக் கொடுத்த படத்தளத்தின் மேலேயே, திரையில் படம் காட்டும் பழைய மென்பொருளான எக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிய கெர்னல்களில் சிம்பிள்டிஆர்எம் என்ற எளிய டிரைவர் இந்த வேலையைச் செய்கிறது. அப்போது இணைப்பின் பெயர் நன்-1 அல்லது அன்னோன்-1 என்று வரும். இரண்டு நிலையிலும் ஒரே அளவுதான் இருக்கும், அதை எந்தக் கட்டளையாலும் மாற்ற முடியாது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைப் பெரிய பி என்ற தெரிவுடன் இயக்கும்போது ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால், படம் வரையும் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுந்திருக்கிறது. வீடியோ ஓடும்போது மின்விசிறி இரைவது அதனால்தான்.

டிரைவர் ஏறாததற்கான காரணங்களில், தேட மிக எளியதிலிருந்து தொடங்குவோம். ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்ற கோப்பு இருக்கிறது. கெர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட அளவுருக்கள் அனைத்தும் அதில் இருக்கும். கேட் கட்டளையால் அதைப் படியுங்கள். அதில் நோமோட்செட் என்ற சொல் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. இயங்குதளத்தை நிறுவும்போது திரை கறுத்துப்போனதால் சேஃப் கிராஃபிக்ஸ் என்ற தெரிவில் நிறுவியிருப்பீர்கள். அந்தத் தெரிவு நோமோட்செட்டைச் சேர்த்து, நிறுவிய பிறகும் அதை விட்டுவைத்திருக்கலாம். கிராஃபிக்ஸ் டிரைவர்கள் திரையின் அளவைத் தாமே அமைப்பதை அந்தச் சொல் தடுக்கிறது. நிறுவும் நேரத்துக்கு அது உதவும். நிரந்தரமாக இருக்கத் தக்கதல்ல.

அதை ஒரு முறை மட்டும் நீக்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கணினி தொடங்கும்போது கிரப் என்ற தொடக்க நிரலின் பட்டியல் வந்ததும், சிறிய இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் நோமோட்செட்டை அழித்து, எஃப்10 விசையால் தொடக்குங்கள். திரை முழு அளவில் வந்தால், இடிசி அடைவின் டிஃபால்ட் துணை அடைவில் உள்ள கிரப் கோப்பைத் திருத்தி, டெபியன், உபுண்டு வகைகளில் அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். ஃபெடோராவில் கிரபி என்ற கருவி இதை எல்லாக் கெர்னல்களுக்கும் ஒரே நேரத்தில் செய்துவிடும். சோதனையில் திரை கறுத்துப்போனால் அஞ்ச வேண்டாம்; ஒரு முறைக்கான திருத்தம் என்பதால் அடுத்த தொடக்கத்தில் பழைய நிலை திரும்பிவிடும், நீங்கள் கீழே சொல்லப்படும் காரணங்களைப் பார்க்கலாம்.

ஏஎம்டி கார்டுகளில் அடிக்கடி காணப்படுவது ஃபர்ம்வேர் கோப்பு இல்லாத குறை. டிரைவர் கெர்னலுடனேயே வருகிறது. ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய இருமக் கோப்புகள் தனியாக வருகின்றன. ஜர்னல்சிடிஎல் கட்டளையைச் சிறிய கே, சிறிய பி ஆகிய தெரிவுகளுடன் இயக்கினால் இந்தத் தொடக்கத்துக்கான கெர்னல் பதிவு கிடைக்கும். அதில் ஏஎம்டிஜிபியூ என்ற பெயருடன், ஃபர்ம்வேரை ஏற்ற முயன்று மைனஸ் 2 என்ற பிழை எண்ணுடன் தோற்றதாக வரி இருந்தால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை. டெபியனில் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் என்ற பேக்கேஜை நிறுவ வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு உருவாக்கப்பட்டு, நிறுவியிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள் தங்கள் சோர்சஸ் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இன்டெல்லில் சிக்கல் குறைவு. மிகப் புதிய சிப்பும் பழைய கெர்னலும் சேர்ந்தால் மட்டும் டிரைவர் ஏறாது; உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பில் எச்டபிள்யூஇ எனப்படும் புதிய கெர்னலுக்கு மாறினால் சரியாகும்.

என்விடியாவுக்குத் தனியாக ஒரு பகுதி

என்விடியாவில் தவறு நேரக்கூடிய இடங்கள் அதிகம். அதன் சொந்த டிரைவர் கெர்னலுடன் வருவதில்லை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தும் இடங்களில், ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் அது உங்கள் கணினியிலேயே புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். மேலும், அதை நிறுவும் பேக்கேஜ் நூவோ டிரைவரைத் தடைப் பட்டியலில் போட்டுவிடுகிறது. எனவே என்விடியா மாட்யூல் ஏதோ காரணத்தால் ஏறாமல் போனால், நூவோவும் வராது, என்விடியாவும் இருக்காது. திரை குறைந்த அளவில் நிற்கும். நேற்று வரை நன்றாக இருந்தது, புதுப்பித்த பிறகு கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் நான் முதலில் ஐயுறுவது இதைத்தான்.

மோட்புரோப் கட்டளையால் என்விடியா மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தால், வரும் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லிவிடும். விசை நிராகரிக்கப்பட்டது என்ற பொருள்படும் செய்தி வந்தால், நம்பத்தக்க கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறது, தொகுக்கப்பட்ட மாட்யூலின் கையொப்பத்தை அது ஏற்கவில்லை. மோக்யூடில் கட்டளையை எஸ்பி-ஸ்டேட் தெரிவுடன் இயக்கினால் செக்யூர் பூட்டின் நிலை உறுதியாகும். உபுண்டுவில் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படுகிறது. அடுத்த தொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று சில நொடிகள் தோன்றி, மோக் எனப்படும் கையொப்ப விசைகளின் மேலாண்மைக்குள் செல்ல ஒரு விசையை அழுத்தச் சொல்கிறது. பலர் அது என்னவென்று அறியாமல் அப்படியே தொடர்ந்துவிடுவதால் விசை பதிவாவதில்லை. அந்தத் திரையில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைத் தட்டினால் போதும். தவறவிட்டிருந்தால், மோக்யூடிலின் இம்போர்ட் தெரிவால் அதே கோரிக்கையை மீண்டும் எழுப்பலாம். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரையை எங்கும் காணலாம். கணினியின் ஒரு பாதுகாப்பை இழந்து பெறும் அந்தத் தீர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாட்யூலே இல்லை என்று செய்தி வந்தால், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள். இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பெண்ணுக்கு எதிரே இன்ஸ்டால்டு என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் அந்தக் கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் நிறுவப்படவில்லை. அதை நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுங்கள். அது முடியும் வரை வேலை தடைப்படாமல் இருக்க, கிரப்பின் அட்வான்ஸ்டு பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து கணினியைத் தொடக்கலாம்.

அப்படிப்பட்ட சாதனம் இல்லை என்று வந்தால், நிறுவிய டிரைவர் கிளை உங்கள் கார்டை ஆதரிக்கவில்லை. கெர்னல் பதிவில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரி, எந்தப் பழைய கிளை வேண்டும் என்பதையே பெயரிட்டுச் சொல்லும். ஃபெர்மி தலைமுறைக்கு 390, கெப்லருக்கு 470 ஆகியவை கடைசிக் கிளைகள். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580. மறுமுனையில், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் என்விடியாவின் திறந்த மூல கெர்னல் மாட்யூல்களுடன் மட்டுமே இயங்கும். பெயரில் ஓப்பன் என்ற பின்னொட்டு உள்ள பேக்கேஜைத் தேர்ந்தால்தான் திரை வரும். 390, 470 போன்ற கைவிடப்பட்ட கிளைகள் புதிய கெர்னல்களில் தொகுக்கப்படாமல் போகக்கூடும். அத்தகைய கார்டுக்கு, விளையாட்டுகள் தேவையில்லை என்றால், என்விடியா பேக்கேஜ்களை முழுமையாக நீக்கிவிட்டு நூவோவுக்குத் திரும்புவதே நிம்மதி. முழுத் தெளிவுத்திறன் அதில் தவறாமல் கிடைக்கும்.

எந்த டிரைவர் பொருந்தும் என்பதை உபுண்டுவில் உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் கட்டளை பட்டியலிடும்; ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தின் ஏகேமாட்-என்விடியா பேக்கேஜ் போதும். என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி நேரடியாக நிறுவுவதைத் தவிருங்கள். அது பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் கோப்புகளைப் பரப்பிவைக்கிறது. அடுத்த புதுப்பிப்பில் இரு பதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எதை நீக்குவது என்றே தெரியாத நிலை வரும். ஏற்கெனவே அப்படி நிறுவியிருந்தால், அதனுடன் வந்த என்விடியா-அன்இன்ஸ்டால் கருவியால் நீக்கிய பிறகே களஞ்சியத்தின் பேக்கேஜை நிறுவ வேண்டும். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, டிரைவரும் நூலகமும் பதிப்பில் பொருந்தவில்லை என்று சொன்னால் மட்டும் எதையும் நீக்காதீர்கள். புதுப்பித்த பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இரண்டாம் கேள்வி: மானிட்டரின் குரல் கேட்கிறதா

டிரைவர் சரியாக ஏறியும் அளவுகள் குறைவாக இருந்தால், சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று செல்லுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1 போன்ற பெயரில் ஓர் அடைவு இருக்கும். கார்டு எண் 1 என்றும் இருக்கலாம். அதற்குள் உள்ள ஸ்டேட்டஸ், மோட்ஸ், இடிஐடி என்ற மூன்று கோப்புகளே நமக்கு வேண்டியவை. ஸ்டேட்டஸ் கோப்பில் கனெக்டட் என்று இருந்து, இடிஐடி கோப்பை டபிள்யூசி கட்டளையால் எண்ணும்போது 0 பைட் என்று வந்தால், மானிட்டர் இருப்பது தெரிகிறது, ஆனால் அது சொல்வது வந்து சேரவில்லை. 128, 256 போன்ற எண் வந்தால் இடிஐடி-டீகோட் கருவிக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். தயாரிப்பாளர் பெயரிலிருந்து ஒவ்வோர் அளவு வரையிலும் வரிவரியாகச் சொல்லி, சரிபார்ப்புப் பைட் பொருந்துகிறதா என்பதையும் காட்டும். கெர்னல் பதிவிலும் இடிஐடி என்ற சொல்லைத் தேடுங்கள்; சரிபார்ப்பு எண் தவறு, தலைப்பகுதி சிதைந்துள்ளது என்பன போன்ற செய்திகள் இருந்தால் தரவு வழியில் சிதைகிறது.

வழியில் சிதைவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள்தான், மென்பொருள் அல்ல. நம் ஊர்களில் இன்னும் ஏராளமாகப் புழங்கும் விஜிஏ மானிட்டர்களில், 15 ஊசிகள் கொண்ட அந்தச் செருகியின் 12, 15 ஆகிய ஊசிகள் இடிஐடிக்கு உரியவை. அவற்றில் ஒன்று வளைந்தோ உடைந்தோ இருந்தால் படம் குறையில்லாமல் வரும், இடிஐடி மட்டும் வராது. செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் மலிவான அடாப்டர்கள் சில, மானிட்டரின் இடிஐடியைக் கடத்தாமல் தங்களுடைய பொதுவான ஒன்றையே கணினிக்குக் கொடுக்கின்றன. இரண்டு கணினிகளுக்கு ஒரே திரையைப் பகிரும் கேவிஎம் சுவிட்சுகளிலும் இதே குறை உண்டு. கணினி தொடங்கும் நேரத்தில் சுவிட்ச் மறுபக்கம் இருந்தால் இடிஐடி கிடைக்காமலே போகும். எனவே அடாப்டர், சுவிட்ச், நீட்டிப்புக் கேபிள் அனைத்தையும் விலக்கிவிட்டு, ஒரே கேபிளில் மானிட்டரை நேரடியாக இணைத்து, மானிட்டரின் மின்சாரத்தை ஒரு முறை முழுமையாகத் துண்டித்து மீண்டும் கொடுத்துச் சோதியுங்கள். இது நேர்த்தியற்ற வழிபோல் தோன்றலாம். ஆனால் புதிய கேபிள் ஒன்றால் தீரும் குறைக்காக டிரைவரை மூன்று முறை மாற்றியவர்கள் பலர்.

1366×768 திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி. இடிஐடியின் நிலையான அளவுப் பட்டியலில் அகலம் எட்டின் மடங்காக மட்டுமே எழுதப்பட முடியும். 1366 எட்டால் வகுபடாது. ஆகவே அந்த அளவு 1360 என்றோ 1368 என்றோ தோன்றலாம். 1368ஆக வந்ததை 1366ஆகத் திருத்துவதற்கென்றே கெர்னலில் ஒரு செயல்கூறு இருக்கிறது. இடிஐடி கிடைக்காமல் நீங்கள் சிவிடி கட்டளையால் கையாக அளவைக் கணக்கிட்டாலும் 1368×768 என்றே விடை வரும். திரையின் ஓரத்தில் இரண்டு படப்புள்ளி விலகித் தெரிந்தால் காரணம் இதுவே. டிரைவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: இணைப்பு அதைத் தாங்குமா

இங்கே சிறு கணக்கு போட்டால் பல மணிநேரம் மிச்சமாகும். திரையில் தெரியும் படப்புள்ளிகளுடன், ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இடையே தெரியாத இடைவெளியும் அனுப்பப்படுகிறது. எச்டிஎம்ஐ தரப்படி 1920×1080 அளவுக்கு மொத்தம் 2200×1125 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 148.5 மெகாஹெர்ட்ஸ். 3840×2160 அளவுக்கு 4400×2250. 60 முறைக்கு 594 மெகாஹெர்ட்ஸ், 30 முறைக்கு 297. ஒற்றை இணைப்பு டிவிஐயும் எச்டிஎம்ஐயின் 1.2 வரையான பதிப்புகளும் 165 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும், எச்டிஎம்ஐ 1.4 என்றால் 340. 2013இல் வந்த 2.0 என்றால் 600. இதிலிருந்து, உங்கள் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் மட்டும் இயங்கி 60ஐ மறுத்தால், கணினி, கேபிள், மானிட்டர் ஆகியவற்றில் எதுவோ ஒன்று எச்டிஎம்ஐ 1.4 நிலையில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். மானிட்டரின் சொந்த மெனுவிலேயே எச்டிஎம்ஐ பதிப்பைத் தேரும் அமைப்பு இருக்கலாம், அது 1.4இல் விடப்பட்டிருந்தால் 2.0க்கு மாற்றுங்கள்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்போர் 4கே 120 ஹெர்ட்ஸை எச்டிஎம்ஐ வழியே எதிர்பார்த்து ஏமாந்ததற்குப் பின்னால் ஒரு வருத்தமான செய்தி இருக்கிறது. எச்டிஎம்ஐ 2.1க்கான நிரலை ஏஎம்டி எழுதி முடித்தும், திறந்த மூல டிரைவரில் அதை வெளியிடுவதற்கு எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் அனுமதி மறுத்தது. மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. டிஸ்பிளேபோர்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் அதையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொதுவாகவும் என் பரிந்துரை.

வேறு வழியில்லாதபோது: அளவைக் கையால் சேர்த்தல்

டிரைவர் சரி, இணைப்பு தாங்கும், ஆனால் இடிஐடியை மீட்க முடியவில்லை என்று உறுதியான பிறகே இந்தப் பகுதி. முதலில் உங்கள் அமர்வு, எக்ஸ் சர்வரில் ஓடும் எக்ஸ்11 வகையா வேலண்ட் வகையா என்று பாருங்கள். எக்ஸ்டிஜி-செஷன்-டைப் என்ற சூழல் மாறியை எக்கோ கட்டளையால் அச்சிட்டால் தெரியும். வேலண்டில் எக்ஸ்ரேண்டர் ஓடும், பட்டியலும் காட்டும், ஆனால் அது பழைய செயலிகளுக்காக இயங்கும் எக்ஸ்வேலண்டின் நிழலை மட்டுமே காண்கிறது. அதனால் எதையும் மாற்ற முடியாது. பழைய குறிப்புகளைப் பின்பற்றுவோர் தடுமாறுவது இங்கேதான். உபுண்டு 25.10 முதல் அதன் க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11 அமர்வே இல்லை என்பதால் இந்த வேறுபாடு இனி இன்னும் முக்கியமாகும்.

எக்ஸ்11 அமர்வில், சிவிடி கட்டளைக்கு அகலம், உயரம், ஹெர்ட்ஸ் என்ற மூன்று எண்களைக் கொடுத்தால் அந்த அளவின் நேர விவரங்கள் அடங்கிய மோட்லைன் என்ற வரி ஒன்று கிடைக்கும். எல்சிடி திரைகளுக்கு எப்போதும் சிறிய ஆர் தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாத இடைவெளியைக் குறைக்கிறது. அதன் பயனை 1920×1200 அளவில் கண்கூடாகக் காணலாம்: ஆர் இல்லாமல் 193.25 மெகாஹெர்ட்ஸ் வருகிறது, டிவிஐயின் 165ஐத் தாண்டிவிடுகிறது. ஆர் சேர்த்தால் 154 மட்டுமே, அடங்கிவிடுகிறது. பிறகு எக்ஸ்ரேண்டரில் நியூமோட் தெரிவால் அந்த மோட்லைனைப் பதிவுசெய்து, ஆட்மோட் தெரிவால் இணைப்பின் பெயருடன் சேர்த்து, அவுட்புட், மோட் தெரிவுகளால் நடைமுறைப்படுத்த வேண்டும். கடைசிக் கட்டளையைத் தனியாக இயக்காமல், அரைப்புள்ளி இட்டு ஸ்லீப் 15, மீண்டும் அரைப்புள்ளி இட்டு பழைய அளவுக்குத் திரும்பும் கட்டளை என்று ஒரே வரியில் எழுதுங்கள். மானிட்டர் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று கறுத்துவிட்டாலும் பதினைந்து நொடியில் திரை தானே மீளும். சரியாக வந்ததும், இடிசி அடைவில் எக்ஸ்11, எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற அடைவில் மானிட்டர் பகுதி ஒன்றை எழுதி அதே மோட்லைனை இட்டால் நிரந்தரமாகும். அங்கே ஏற்கெனவே யாரோ எப்போதோ எழுதிய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பு கிடந்தால், அதன் பெயரை மாற்றிவைத்துவிட்டு ஒரு முறை தொடக்கிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும். மாற்றிவிட்ட கார்டின் டிரைவர் பெயர் அதில் எஞ்சியிருப்பது அரிதல்ல.

வேலண்ட் அமர்வில் இதே காரியத்தைக் கெர்னல் நிலையில் செய்ய வேண்டும். கிரப்பின் லினக்ஸ் வரியில் வீடியோ என்ற அளவுருவுக்கு இணைப்பின் பெயர், முக்காற்புள்ளி, 1920×1080, அட் குறி, 60 என்று மதிப்புக் கொடுக்கலாம். பெருக்கல் குறிக்குப் பதில் சிறிய ஆங்கில எக்ஸ் எழுத்து. இணைப்பின் பெயரை எக்ஸ்ரேண்டரிலிருந்து எடுக்காமல் சிஸ் அடைவிலிருந்து எடுங்கள். அங்கே எச்டிஎம்ஐ-ஏ-1 என்று இருப்பது எக்ஸ்ரேண்டரில் எச்டிஎம்ஐ-1 என்று வரும். தவறான பெயரைக் கெர்னல் எந்தப் பிழையும் சொல்லாமல் ஒதுக்கிவிடும்.

இதைவிட முழுமையான தீர்வு, இடிஐடியையே கோப்பாகக் கொடுப்பது. அதே மானிட்டரை நல்ல கேபிளில் வேறொரு லினக்ஸ் கணினியில் இணைத்து, சிஸ் அடைவின் இடிஐடி கோப்பை நகலெடுங்கள். அதை லிப் அடைவின் ஃபர்ம்வேருக்குள் இடிஐடி என்ற துணை அடைவில் வைத்து, டிஆர்எம் புள்ளி இடிஐடி-ஃபர்ம்வேர் என்ற அளவுருவில், ஹைஃபனுக்குப் பதிலாக அடிக்கோடு இட்டு, இணைப்பின் பெயரையும் கோப்பின் பெயரையும் குறிப்பிடுங்கள். முன்பு கெர்னலுக்குள்ளேயே சில பொதுவான இடிஐடிகள் இருந்தன. அவை இப்போது நீக்கப்பட்டுவிட்டன, ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்துக் கோப்பை வைக்காமல் பெயரை மட்டும் எழுதினால் பலிக்காது. டிரைவர் மிக முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகத் தொடக்கக் கோப்பமைப்பின் நிலையிலேயே ஏறும் கணினிகளில் இந்தக் கோப்பையும் அதற்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஏஎம்டி ஃபர்ம்வேருக்கு வந்த அதே மைனஸ் 2 பிழை இதற்கும் பதிவில் வரும். என்விடியாவின் சொந்த டிரைவருக்கு எக்ஸ்11 அமைப்புக் கோப்பில் கஸ்டம்இடிஐடி என்ற தனித் தெரிவு உண்டு.

எஞ்சிய சில குறைகள்

உள்நுழைந்த பிறகு அளவு சரியாக இருந்தும், உள்நுழைவுத் திரையில் மட்டும் தவறாக இருந்தால், அந்தத் திரை வேறொரு பயனராக இயங்குவதே காரணம். க்னோமின் பல பதிப்புகளில், உங்கள் வீட்டு அடைவின் கான்ஃபிக் பகுதியில் உள்ள மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பை, உள்நுழைவுத் திரையை இயக்கும் ஜிடிஎம் பயனரின் கான்ஃபிக் அடைவுக்கு நகலெடுத்தால் சரியாகும்.

தொலைக்காட்சியை மானிட்டராகப் பயன்படுத்தும்போது 1920×1080 சரியாக இருந்தும், டெஸ்க்டாப்பின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தால் அது ஓவர்ஸ்கேன். தொலைக்காட்சியின் படம் பற்றிய அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் போன்ற பெயரில் உள்ளதைத் தேர்வதே சரியான வழி. உள்ளீட்டின் பெயரைப் பிசி என்று மாற்றினால் தானே சரியாகும் மாடல்களும் உண்டு. டிரைவரின் அண்டர்ஸ்கேன் தெரிவால் படத்தைச் சுருக்குவது எழுத்துகளை மங்கவைக்கும்.

இவ்வளவும் செய்து, டிரைவரே பிழை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தால், அதை எழுதித் தெரிவியுங்கள். ஏஎம்டி, இன்டெல், நூவோ டிரைவர்களுக்கான பிழைப் பதிவேடுகள் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப் தளத்தில் உள்ளன. டிஆர்எம் புள்ளி டீபக் என்ற கெர்னல் அளவுருவுக்கு 0எக்ஸ்இ என்ற மதிப்பைக் கொடுத்து ஒரு முறை தொடக்கி, அந்தத் தொடக்கத்தின் முழுக் கெர்னல் பதிவையும், சிஸ் அடைவிலிருந்து எடுத்த இடிஐடி கோப்பைத் திருத்தாமல் அப்படியேயும் இணையுங்கள். கார்டின் மாடல், மானிட்டரின் மாடல், இடையில் உள்ள ஒவ்வொரு கேபிளும் அடாப்டரும், கடைசியாக நன்றாக இயங்கிய கெர்னல் பதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். இடிஐடி கோப்பில் மானிட்டரின் வரிசை எண்ணும் இருக்கும் என்பதால், அது பொதுவெளிக்குப் போவதில் உங்களுக்கு உடன்பாடா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.